பட்டறைத் தெருவுக்கு ஒரு தனி லைன்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் கிடையாது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சேம்பரம்மா. பலகையில் வர்த்தக சபை என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது சேம்பர்தான். அங்கே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் பழைய தலைவர்களின் படங்களும். பின்னறையில் அவளுடைய மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூடினால் திறக்காத, திறந்தால் மூடாத ஒரு இரும்பு பீரோ.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டைப் அடிக்க வந்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. மூட்டை தூக்கிப் பிழைத்த அப்பா, மகளின் பி.காம். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். "இந்தப் படிப்பு படிச்சிட்டு மனு டைப் அடிக்கிறதா வேலை?" என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாகப் போய்க் கேட்கிற கடைக்காரரை வாசலோடு அனுப்பிவிடும் அதிகாரி, அறுபது கையெழுத்தோடு ஒரு தாள் போனால் நாற்காலி காட்டி உட்காரச் சொல்கிறார் என்பதை முதல் மாதமே பார்த்துவிட்டாள். லாரி திரும்ப முடியாமல் கிடந்த தெருமுனை அகலமானது அப்படி ஒரு தாளால்தான். சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், இது இந்த ஊரில் செய்த சரக்கு என்ற சான்றிதழுக்காகப் பக்கத்து நகரத்துக்கு நாலு மணி நேரம் பஸ் ஏறிய காலம் போய், இப்போது அவள் மேசைக்கு வந்து அரை மணியில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமிதம் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

தெருவுக்குப் பிடித்த சனியன் கரண்ட். அறுபத்து மூன்று பட்டறைகள் வரிசையாக இருக்கிற இடத்தில் தினம் மூன்று மணி நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். லேத்தில் இரும்பு பாதி கடைந்திருக்கும், நின்றுவிடும். ஐஸ் தொழிற்சாலையில் கட்டி பிடிக்கிற நேரம் பார்த்துப் போகும். ஐஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வந்த ஆர்டரை நாள் தவறாமல் கொடுக்க முடியாமல் இரண்டு வருஷத்தில் ஒன்பது பேர் பட்டறையை மூடிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

பத்தாவதாகப் போக இருந்தவர் அவளுடைய கணவர்.

அவருக்கு ஐந்து லேத்துகள். பம்ப் கம்பெனிக்குத் தண்டு கடைந்து கொடுக்கிற வேலை. கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்கள். நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிற தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் காலியாக இருந்தது. அங்கே கரண்ட் கண்சிமிட்டக்கூடச் செய்யாது என்று கேள்வி. "நான் முன்னாடி போறேன். பொண்ணு பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றார். பதினெட்டு வருஷ வேலையை விட்டுவிட்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மின்வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரே தெருவில் மொத்தம் ஐந்நூறு ஹெச்.பி.க்கு மோட்டார் ஓடுகிறது என்று அந்த ஊர் வர்த்தக சபை கணக்கெடுத்துக் காட்டினால், அந்தத் தெருவுக்கு மட்டும் தனி லைன். ஊருக்கெல்லாம் கரண்ட் போனாலும் அந்தத் தெருவுக்குப் போகாது. அவள் அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். அன்றைக்கே இரண்டு பக்கத்தில் ஒரு பாரம் தயாரித்து, அறுபத்து மூன்று பிரதி எடுத்து, வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். எத்தனை மெஷின், எத்தனை ஹெச்.பி., எத்தனை ஆள், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் பாரம்.

அந்தத் தெருவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பாரம் என்று எதைக் கண்டாலும் கை தன்னால் சுருங்கிவிடும். வரிக்காரர் பாரமோ, நகராட்சி பாரமோ, மெஷின் ஐந்து என்றால் இரண்டு, ஆள் பத்து என்றால் மூன்று. அப்பா அப்படி எழுதினார், மகனும் அப்படியே எழுதுவான். உதவி செய்ய வந்த பாரம் எது, பிடுங்க வந்த பாரம் எது என்று பிரித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

"மூணு பேர்தான்மா வேலை பாக்கறாங்க" என்றார் கேட் செய்கிற வெல்டர். அவர் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி நிக்கிறவங்க யாருண்ணே?"

"அவங்களா? சும்மா பாக்க வந்தவங்க."

"முகமூடி போட்டுக்கிட்டா பாக்க வந்தாங்க?"

"பொறி கண்ணுல பட்டுரும்ல."

அவள் சிரித்தாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். இந்தப் பாரத்தில் கூடுதலாக எழுதினால்தான் லாபம் என்று அடித்துச் சொன்னாள். "உனக்குத் தெரியாதும்மா, இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையில் அவர்கள் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கனெக்‌ஷன் வாங்கும்போது சொன்ன ஹெச்.பி. ஒன்று, இப்போது ஓடுகிற ஹெச்.பி. வேறு. அது வெளியே தெரிந்தால் அபராதம் வரும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கடைசியில் அறுபத்து மூன்று பாரங்களும் வந்து சேர்ந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினாள். ஒவ்வொரு பாரத்தையும் பார்த்துப் பல்லைக் கடித்தாள். நாற்பத்தொன்றாவது பாரம் கணவருடையது. ஐந்து லேத்து, இருபத்திரண்டு ஹெச்.பி. வைத்திருக்கிற மனிதர் இரண்டு லேத்து, எட்டு ஹெச்.பி. என்று எழுதியிருந்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எட்டு என்றே ஏற்றிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். தெருவோடு சண்டை போட்டு நாக்கு வறண்டிருந்தது. வீட்டிலும் போய் ஆரம்பிக்கத் தெம்பு இல்லை.

மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டு.

மின்வாரிய இன்ஜினியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, உங்க ஊர்ல தொழிலே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் எதை வச்சு லைன் கேப்பேன்?"

"சார், இது நெஜக் கணக்கு இல்ல."

"அப்ப பொய்க் கணக்குல சேம்பர் முத்திரை எதுக்குக் குத்தினீங்க?"

அவள் முத்திரை குத்திய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்ஜினியர் மோசமான மனிதர் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை திருத்திக் கொடுக்கலாம் என்றார். தானாக முன்வந்து உண்மையான ஹெச்.பி.யைச் சொல்கிறவர்களுக்கு அபராதம் கிடையாது, கனெக்‌ஷனை மட்டும் சரிசெய்து கொடுப்போம் என்று எழுத்தாகவே தரவும் ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு. எங்க ஆளு வந்து மோட்டாரை எண்ணுவாரு. இல்லாததை எழுதாதீங்க."

செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டாள். முன்னறை நாற்காலிகள் போதாமல் ஆட்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எண்ணையும், அபராதம் கிடையாது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் படித்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சேம்பர் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றார் ஒருவர். சந்தா மட்டும் வாங்கத் தெரிகிறது என்றார் இன்னொருவர். தலைவர், இரும்புக்கடையும் அதன் பின்னால் ஆணி அடிக்கிற ஷெட்டும் வைத்திருக்கிறவர், கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார்.

"இதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு? சேம்பரம்மா, நீயே ஒரு இருநூத்தம்பதைச் சேத்துப் போட்டுரு. முடிஞ்சது."

"எங்கேர்ந்து சேக்கறது தலைவரே?"

"எல்லார் பேர்லயும் பிரிச்சுப் போடு."

"யார் பேர்ல எவ்வளவு? சொல்லுங்க, எழுதிக்கறேன். முதல்ல உங்க பேர். பத்துன்னு எழுதியிருக்கீங்க. ஆணி அடிக்கிற மெஷின் மட்டும் ஆறு ஓடுது. பத்து ஹெச்.பி.ல ஆறு மெஷின் எப்படி ஓடுது, கையால சுத்தறீங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சட்டைப் பையைத் தடவினார். அப்போது பின் வரிசையிலிருந்து ஐஸ்காரர் குரல் வந்தது.

"எல்லாரையும் கேக்கறீங்க, சரி. உங்க வீட்டுக்காரர் எத்தனை எழுதினாரு சேம்பரம்மா?"

கணவர் சுவரோரம் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எட்டு" என்றாள்.

"இருக்கிறது?"

"இருபத்திரெண்டு."

இந்த முறை சிரிப்பு கூரையைத் தூக்கியது. "வீட்டுக்குள்ளயே ஓட்டு விழல" என்று யாரோ சொன்னார்கள். அவள் சிரிப்பு ஓயும்வரை நின்றாள். "ஆமா. நான் பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்தேன். உங்களை எல்லாம் திட்டினவ அவர்கிட்ட வாயைத் திறக்கல. தப்பு என்னுதும்தான். இப்ப அதுக்காக லைன் வேண்டாம்னு சொல்றீங்களா? ஒன்பது பட்டறை போயிருச்சு. அடுத்தது யாருன்னு இங்க நிக்கிறவங்களுக்கே தெரியும்."

அட்டைப்பெட்டி செய்கிற அம்மாள்தான் முதலில் எழுந்தார். "என் பாரத்தைத் திருப்பிக் குடு" என்று வாங்கி, நாலு என்பதை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அந்த எழுத்துல குடுத்த கடிதாசியை மட்டும் எனக்கு ஒரு காப்பி குடும்மா. நாளைக்கு எவனாவது வந்து நின்னா அவன் மூஞ்சியில காட்டணும்."

அதிலிருந்து ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஓடியது என்று சொல்ல முடியாது. புதன்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை பதினொரு பேர். வெல்டர் அரை மனசோடு எழுதி, வீட்டுக்குப் போய் யோசித்து, திரும்பி வந்து இரண்டு ஹெச்.பி. குறைத்துவிட்டுப் போனார். தலைவர் மூன்று தடவை வாசல் வரை வந்துவிட்டு, "ஒரு வேலையா இந்தப் பக்கம் வந்தேன்" என்று திரும்பினார். நாலாவது தடவை அவள் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். நாற்பத்தைந்து என்று எழுதும்போது அவர் முகம், பல் பிடுங்க உட்கார்ந்தவர் முகம் மாதிரி இருந்தது. ஐஸ்காரர் கேலி பேசினாரே தவிர உள்ளதை உள்ளபடி எழுதினார். மீதிப் பேர் என்ன சொல்லியும் மசியவில்லை. "எல்லாரும் எழுதறாங்கல்ல, அதுவே போதும். லைன் வந்தா எங்களுக்கும்தானே வரும்" என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். வந்தால் அவருக்கும்தான் வரும், அதை யார் தடுக்க முடியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாகக் கூட்டினாள். நானூற்று எண்பத்தொன்பது.

மறுபடி கூட்டினாள். அதேதான்.

பாரங்களைப் பையில் போட்டுக்கொண்டு கணவரின் பட்டறைக்கு நடந்தாள். கரண்ட் இல்லை. ஐந்து லேத்தும் நின்றுகொண்டிருந்தன. அவர் ஒரு டப்பா மேல் உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் ஒரு தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் பிறகு இருவரும் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"நானூத்தி எம்பத்தொன்பது."

"நல்லா வந்திருக்கே."

"பதினொண்ணு குறையுது."

அவர் தண்டைத் திருப்பி அந்தப் பக்கம் துடைத்தார். "ஊர்ல அத்தனை பேர் இருக்கும்போது என்கிட்ட வந்து நிக்கிறே."

"உங்க எட்டை இருபத்திரெண்டு ஆக்கினா ஐநூத்தி மூணு."

"நாளைக்குக் காலைல ஷெட்டுக்காரர்கிட்ட பதில் சொல்லணும். நான் இங்க இருக்கப்போறது இல்ல. இல்லாதவன் எழுதினா அது பொய்க் கணக்கு ஆகாதா? நீதானே பொய் கூடாதுன்னு கூட்டத்துல பேசினே."

அவள் அங்கே இருந்த இன்னொரு டப்பாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதை அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். "ஆமா, பொய்தான். அதனால ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. போறதா இருந்தா சைபர்னு எழுதுங்க. அந்த எட்டும் பொய். நானூத்தி எம்பத்தொண்ணுன்னு கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன். இருக்கறதா இருந்தா இருபத்திரெண்டுன்னு எழுதுங்க. நடுவுல ஒண்ணு எழுதாதீங்க."

"கழுத்துல கத்தி வைக்கறே."

"நீங்க எனக்கு வச்சது என்னவாம்? பொண்ணு பத்தாவது முடிக்கட்டும், வாங்கன்னு சொன்னீங்களே. எதை விட்டுட்டு வரணும்னு சொல்லவே இல்லையே."

அவர் துணியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "நான் போறதை நெனச்சு ஒண்ணும் எட்டுன்னு எழுதல" என்றார். "சும்மா, கை அப்படி எழுதிருச்சு. எழுதிட்டு உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீயாவது கேப்பேன்னு பாத்தேன்."

"நானும் வெட்கப்பட்டுக்கிட்டுதான் கேக்கல."

அவர் தண்டை ஓரமாகச் சாய்த்து வைத்தார். "எழுதி, அவங்க முடியாதுன்னுட்டா?"

"அப்ப போங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"ஷெட் அதுவரைக்கும் இருக்குமா?"

"இருக்காது."

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாளே என்று அவருக்குக் கோபம்தான் வந்தது. பேனாவைப் பிடுங்குகிற மாதிரி வாங்கினார். எட்டை இரண்டு கோடு போட்டு அடித்து, இருபத்திரண்டு என்று தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார். கையெழுத்துப் போட்ட இடத்தில் எண்ணெய் ரேகை ஒன்று பதிந்தது. பிறகு போனை எடுத்து, ஷெட்டுக்காரரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "வீட்ல ஒத்துக்கல" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தார். அதற்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை, பாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மின்வாரிய அலுவலகத்துக்கு அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது. இன்ஜினியர் கால்குலேட்டரில் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். ஐந்நூற்று மூன்று. நடுவிலிருந்து நாலு பாரத்தை உருவிக் கேள்வி கேட்டார். எண்ணெய் ரேகையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "பரவாயில்லம்மா. தகுதி இருக்கு. மேல அனுப்பறேன்" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எப்ப சார் லைன் வரும்?"

"கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அடுத்த வருஷப் பட்ஜெட்டுலதான். பதினாலு மாசம்னு வச்சுக்குங்க. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம்."

பதினாலு மாதம். ஷெட்டை வேண்டாம் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பம்ப் கம்பெனி பதினாலு வாரம்கூடப் பொறுக்காது. அலுவலகத்தில் மற்றவர்கள் மேசையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியரும் பேனாவை மூடினார். அவள் எழுந்திருக்கவில்லை.

"வேற என்னம்மா?"

"சார், லைன் வர்றப்ப வரட்டும். தினம் மூணு மணி நேரம் கரண்ட் எடுக்கறீங்க. எந்த மூணு மணி நேரம்னு எழுதிக் குடுங்க."

"அது லோடைப் பொறுத்தது. அப்படியெல்லாம் எழுத முடியாது."

"ஐநூத்தி மூணு ஹெச்.பி. இப்ப உங்க கையில எழுத்தா இருக்கு. இவ்வளவு பெரிய லோடு எப்ப ஓடும், எப்ப ஓடாதுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் சௌகரியம்தானே. மத்தியானத்துல எடுங்க. நாங்க அந்த நேரத்துல மெஷினை ஓட்டல. மத்த நேரத்துல தொடாதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"எல்லாத் தெருவும் இப்படிக் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க சார். கேக்கறதுக்கு அவங்க முதல்ல பாரம் எழுதணும்."

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் அங்கே இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. அவர் இரண்டு இடத்துக்குப் போன் போட்டார், ஒரு இடத்தில் திட்டு வாங்கினார். ஒன்றிலிருந்து நாலு என்று எழுதினார். சாயங்காலம் முழுசாகக் கிடைக்கட்டும் என்று அவள் பன்னிரண்டிலிருந்து மூன்றாக மாற்றச் சொன்னாள். மாற்றினார். மூன்று மாதத்துக்கு மட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை எடுக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது தெருவே வாசலில் நின்றது. பதினாலு மாதம் என்றதும் முகங்கள் தொங்கிவிட்டன. "அதுக்குள்ள என் பொணத்தையே ஐஸ்ல வைக்கணும்" என்றார் ஐஸ்காரர். மற்றவர்கள் எழுதுவதே போதும் என்று பாரத்தைத் திருத்தாமல் இருந்தவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சலித்துக்கொண்டார். அவள் நேராகக் கணவரின் பட்டறைக்குள் நுழைந்தாள்.

கரண்ட் வந்திருந்தது. அவர் லேத்தை நிறுத்திவிட்டு அந்தத் தாளை வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்தார். அடியிலிருந்த வரியை இரண்டு தடவை படித்தார். "மூணு மாசத்துக்குத்தானா?"

"மூணு மாசம் கழிச்சு மறுபடி போய் உக்காருவேன்."

"பம்ப் கம்பெனிக்காரன் நம்புவானா?"

"இந்தத் தாளைக் காட்டுங்க. நான் சேம்பர்லேர்ந்து ஒரு கடிதம் போடறேன்."

அவர் பெருமூச்சு விட்டு லேத்துகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பன்னிரண்டுக்கு நிறுத்த வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று விரல் மடக்கினார்.

"காலைல ஆறு மணிக்கே வந்து ஓட்டணும்" என்றார். "அப்ப அஞ்சரைக்கு எனக்குச் சாப்பாடு கட்டணும்."

"நீங்களே கட்டிக்குங்க" என்றாள் அவள், பையை எடுத்து மாட்டிக்கொண்டே. "இன்னும் முப்பத்தாறு பேர் பாரத்தைத் திருத்தாம வச்சிருக்காங்க. மோட்டாரை எண்ண ஆள் வர்றதுக்குள்ள நான் அவங்க பின்னாடி அலையணும்."